பிழை சேர்த்தல்

பகலில் கஸ்தூரியார் வீதி அச்சகத்தில் ஒப்புநோக்குகிறேன்.
ஒற்று மிகும் இடம், மிகா இடம்,
மரண அறிவித்தல்களில் பேரப்பிள்ளைகளின் முதலெழுத்து.
பதினாறு வருசமாய்ச் சிவப்புப் பேனை.

இரவில் அதற்கு நேரெதிர் வேலை.

மச்சான் ஜெபநேசன்
குருநகர் நண்டைக் கால் கட்டி, உயிரோடு பெட்டியில் அடுக்கிக்
கொழும்புக்கு லொறி ஓட்டுகிறவன்.
பரந்தன் தாண்டினால் றேடியோவில் இரைச்சல்தான்.
"நித்திரை தூக்குது மச்சாள்.
ஏதாவது ஒரு புத்தகத்தைக் காதுக்குள்ள ஊத்தித் தாவன்."

என் பழைய லப்டொப்பில் விண்டோஸ் செத்து ஒரு மாரி முடிந்தது.
இப்போது லினக்ஸ்.
அதோடு வந்த குரல் தகரத்தில் கல்லுத் தேய்த்தது போல;
கட்டின நண்டும் அவிழ்த்துக்கொண்டு ஓடும்.
நல்ல குரல் விண்டோஸ்காரனிடம்.
அதை இங்கே கூட்டிவர
வைன் என்று ஒரு மென்பொருள்.

தவறணைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத நான்
மூன்று இரவு வைனோடு மல்லுக்கட்டினேன்.
முப்பத்திரண்டு பிட் என்று சொல்லாததால் முதல் நாள் வீண்.
அடுத்த நாள் ஏதோ ஒரு கோப்பு இல்லையாம்.
"இண்டைக்கும் வைனோ?" என்றார் வீட்டுக்காரர், நுளம்பு வலைக்குள் இருந்து.
மூன்றாம் நாள் ஒன்றரை மணிக்கு
"வணக்கம்" என்றது,
அயலில் நாய் குலைத்தது.

தான் எங்கே இருக்கிறதென்று அதற்குத் தெரியாது.
ஒரு கோப்புறையைக் காட்டி
இதுதான் உன் சி டிரைவ் என்று சொல்லி வைத்திருக்கிறது வைன்.
அது நம்பிக் கதைக்கிறது.
தொண்ணூற்றைந்தில், சாவகச்சேரியில்,
ஏழாம் ஆண்டு சி வகுப்பைக் காட்டி
இதுதான் வீடு என்றார்கள்.
கரும்பலகைக்குக் கீழே பாய் விரித்து
நாங்களும் நன்றாய்த்தான் நித்திரை கொண்டோம்.

முதல் புத்தகம் எங்களூர்க்காரர் ஒருவருடைய நாவல்,
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
பெடியன் ஒருவன் ரியூசன் முடிந்து
ரோச் லைற் அடித்தபடி வருகிறான்.
குரல் வாசிக்கிறது:
ரியூசன். ரோச். லைற்று.
எழுத்து எழுத்தாய், ஒரு குற்றமும் சொல்லேலாது.
மாமாவின் ரொறன்ரோ
மேட்டில் ஏறுகிற உழவு இயந்திரம் போல உறுமியது.

ர எழுதி ட வாசிக்கிற சனம் நாங்கள்.
ஒருத்தரும் சொல்லித்தந்ததில்லை.
வேறெங்கோ வளர்ந்த குரலுக்கு ஆர் சொல்வது?

பட்டியல் ஒன்று தொடங்கினேன்.
ரோச் என்றால் டோச்.
ரிக்கற் என்றால் டிக்கெட்.
பி.ப. 4.30 என்றால் பின்னேரம் நாலரை.
யாழ்ப்பாணம் போலக் கேட்கச்
சென்னை போல எழுத வேண்டிக் கிடக்கு.
ஆயிரத்து நூற்று நாற்பது பிழை,
ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சரிபார்த்து.

வவுனியாவில் இருந்து போன்.
"நல்லாக் கிடக்கு மச்சாள். ஆனா அந்தாள் மூச்சு விடுறேல்லை.
அவள் கிணத்துக்குள்ள குதிச்ச இடத்திலயும்
அடுத்த வரிக்கு ஓடுறான்."

அந்த இடத்தில் ஒரு செக்கன் மௌனம் வைத்தேன்.
காணாது.
பேந்து மூன்று.
எழுதினவர் வைக்காத மௌனம்;
கேட்கலாமென்றால் அவர் உயிரோடு இல்லை.

போன கிழமை அச்சகத்துக்கு ஒரு கோல், வெளிநாட்டு நம்பர்.
மரண அறிவித்தலில் என் சிவப்புப் பேனை
கை தவறித் திருத்தியிருக்கிறது.
"தங்கச்சி, எங்கட அம்மா செத்தது ரொறன்ரோவில.
டொராண்டோவில எங்களுக்கு ஒருத்தரும் இல்லை."
மன்னிப்புக் கேட்டு
மறுநாள் இலவசமாய்ப் போட்டுக் கொடுத்தோம்.

ஜெபநேசன் சொன்னான்:
முறிகண்டிக்கு முன்னால்
லொறியை ஓரங்கட்டி, எஞ்சினை நிற்பாட்டித்தான்
அந்த இடத்தைத் திருப்பிக் கேட்டானாம்.
மூன்று செக்கனும்
பின்னால் பெட்டிக்குள் நண்டுகள்
சுறண்டிக்கொண்டு இருந்தனவாம்.